அழுதால் நோய் கூடுமா? கீமோ நடக்கும்போதே மற்றவர்களுக்கு உதவலாமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 42 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் "பாசிட்டிவா இரு, அழுதா நோய் கூடிடும்" என்கிறார்கள். பகலில் சிரித்துச் சமாளித்துவிட்டு, ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறீர்கள். அழுது முடித்ததும் 'நானே என் நோயை வளர்க்கிறேனோ' என்று பயம் வருகிறது. இதற்கிடையில் டே கேர் வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் உங்களிடம் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை இருக்கிறது, 'நானே இப்படி இருக்கும்போது எனக்கு என்ன தகுதி' என்ற தயக்கமும் இருக்கிறது. பக்கத்துப் படுக்கை அம்மா "எனக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டபோது வாயடைத்துப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இதில் நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு. என் உயிர் என் மனநிலையின் கையில் இருக்கிறதா? மனம் கலங்கியிருக்கும் ஒருத்தி இன்னொருத்திக்குத் துணையாக நிற்க முடியுமா? முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை. இரண்டாவதற்கு: முடியும், ஆனால் சில எல்லைகளோடு. நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய் மருத்துவமனையில் சமூகப் பணியாளராகவும் மனநல ஆலோசகராகவும் நெடுங்காலம் வேலை பார்த்தவள். ஆகவே உங்கள் மருந்து, அளவு, அடுத்த சிகிச்சை பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது உங்கள் மருத்துவரோடு பேச வேண்டியது. மனம், குடும்பம், வார்டு, உதவி இவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுவதால் புற்றுநோய் பரவுவதில்லை. பயந்தால் கட்டி வளர்வதில்லை. ஒரு வாரம் முழுக்க நம்பிக்கை இழந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும், உடம்பில் ஏறிய கீமோ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். உங்கள் நோயின் போக்கைத் தீர்மானிப்பவை வேறு. கட்டி எவ்வளவு பெரியது, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு எட்டியதா, ஹார்மோனால் வளரும் வகையா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றனவா, செல்களை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதத்தின் நிலை என்ன, சிகிச்சைக்கு நோய் எப்படி இணங்குகிறது, சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்கிறீர்களா என்பவைதான் அவை. இவற்றில் பாதிக்கு மேல் உங்கள் ஃபைலில் இருக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கும்.

'போராடும் மனசு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் காற்றில் வந்ததில்லை. 1979இல் லண்டனில் மார்பகப் புற்றுநோய் வந்த 69 பெண்களை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. போராடும் மனநிலையோடு இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது என்று அது சொன்னது. அதே ஆய்வில் 'எனக்கு ஒன்றுமே இல்லை' என்று நோயையே மறுத்தவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். அந்தப் பகுதி ஏனோ பரவவில்லை, முதல் பகுதி மட்டும் உலகம் சுற்றியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல், இங்கிலாந்திலேயே 578 பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். போராடும் மனநிலைக்கும் உயிர் பிழைப்பதற்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. 2007இல் தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரிடம் பார்த்தபோதும், மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். 1989இல் அமெரிக்காவில், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய 86 பெண்களில் ஒரு பகுதியினரை வாரந்தோறும் கூட்டி உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும், மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தார்கள். கேட்கும்போதே மனம் துள்ளும் செய்தி. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைத் திருப்பிச் செய்தபோது வாழ்நாள் கூடவில்லை. அப்படியானால் உட்கார்ந்து பேசியது வீணா? வீணில்லை. அந்த 2001 ஆய்விலேயே, பேசிய பெண்களுக்கு மனவேதனை குறைந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. தொடக்கத்திலேயே அதிகம் தவித்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல். துணையாக இருப்பதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது. நாட்களின் எண்ணிக்கை கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. அந்த நாட்கள் கொஞ்சம் தாங்கக்கூடியவையாக ஆகும். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

சந்தேகம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். அந்த 1999 ஆய்வில், 'இனி எதுவும் இல்லை, எல்லாம் முடிந்தது' என்ற தீவிரமான கையறு நிலையில் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டது. கடுமையான மனச்சோர்வுக்கும் இறப்புக்கும் சிறிய தொடர்பு இருப்பதாக வேறு ஆய்வுகளும் சொல்கின்றன. மனம் நேரடியாக உடம்பைத் தாக்குகிறதா, அல்லது மனச்சோர்வில் இருப்பவர்கள் சாப்பிடாமல், மருத்துவமனைக்கு வராமல், மாத்திரையை விட்டுவிடுவதால் அப்படி ஆகிறதா என்பது இன்னும் பிரித்துச் சொல்லப்படவில்லை. நோய் முற்றியிருப்பதாலேயே சோர்வு வந்திருக்கவும் கூடும். என் அனுபவத்தில், மனம் உடைந்தவர்கள் முதலில் கைவிடுவது சிகிச்சைத் தேதியைத்தான். "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பிக்கும். எனவே நான் கவலைப்படுவது அழுகிறவர்களைப் பற்றி இல்லை, தேதிக்கு வராமல் போகிறவர்களைப் பற்றி. நீங்கள் அழுதுகொண்டே நான்கு கீமோ வரை வந்திருக்கிறீர்கள்.

வீட்டார் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். உங்கள் மாமியாரோ அக்காவோ "அழாதே" என்று சொல்லும்போது அவர்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். உங்கள் நோயில் அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உங்கள் முகம் மலர்ந்திருந்தால் அவர்களுக்கு அன்றைய தினம் நிம்மதி. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை செய்யும் கெடுதலை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். 'நல்ல பேஷன்ட், எப்போதும் சிரிச்ச முகம்' என்று பெயர் வாங்கியவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். விரல் நுனிகள் மரத்துப்போவதைச் சொல்ல மாட்டார்கள். வாய்ப்புண்ணால் ஒரு வாரமாகக் கஞ்சி மட்டும் குடிப்பதைச் சொல்ல மாட்டார்கள். புலம்புகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியிருக்கலாம், வேறு மாத்திரை கொடுத்திருக்கலாம், ஆனால் அவருக்கு விஷயமே தெரிந்திருக்காது. அப்புறம், நோய் திரும்பிவிட்டால் 'நான் சரியாக நம்பிக்கை வைக்கவில்லை' என்ற பழியையும் அந்தப் பெண்ணே சுமக்கிறாள். நோயே போதாதென்று இது வேறு. இந்தப் பழியை மட்டும் நீங்கள் ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வீட்டாரிடம் இதைப் பேசலாம். "நான் அழுதா நோய் கூடாது. அஞ்சு நிமிஷம் அழுதுட்டு வந்துடுவேன், அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தா போதும், எதுவும் சொல்ல வேண்டாம்" என்று ஒருவரிடமாவது சொல்லிப் பாருங்கள். எல்லோரிடமும் வேண்டாம், வீட்டில் ஒரே ஒரு ஆள் போதும். பல குடும்பங்களில் அந்த ஆள் கணவராக இருப்பதில்லை. தங்கையாகவோ, நாத்தனாராகவோ, வயசுக்கு வந்த மகளாகவோ இருப்பார். குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டிய தேவை அன்றோடு பாதி குறையும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. கீமோ முடிந்த மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் அழுகை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உங்கள் குணமோ மனவலிமையோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. கீமோவோடு வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கப் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது உடம்பில் இருக்கும் ஓரிரு நாள் தூக்கம் வராது, படபடப்பாக இருக்கும், தெம்பு போலவும் தோன்றும். நிறுத்தியதும் உடம்பும் மனமும் சேர்ந்து சரியும். உங்கள் வயதில் கீமோவால் மாதவிடாய் சட்டென்று நின்றுபோவதும் உண்டு. அதனால் வரும் உடல் சூடும் தூக்கக்கேடும் எரிச்சலும் தனி. ரத்தசோகை இருந்தால் எழுந்து நடக்கவே மனம் வராது. இவை எதையும் நல்ல எண்ணங்களால் சரிசெய்ய முடியாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, தூக்கம், அழுகை, வலி, சாப்பாடு இவற்றை ஒரே வரியாக எழுதிவையுங்கள். அடுத்த முறை ஓபியில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டு கீமோ சுற்றுகளுக்கு எழுதினால் எந்த நாள் சரிவு வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நாளில் உறவினர் வருகை வேண்டாம், பெரிய முடிவு எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஆனால் துக்கம் என்பது வேறு, மனச்சோர்வு நோய் என்பது வேறு. துக்கம் வரும், போகும். நடுவில் பிள்ளையின் பேச்சுக்குச் சிரிப்பு வரும், டீ ருசிக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாக, கீமோவுக்கு நடுவில் உள்ள நல்ல நாட்களிலும்கூட, எதிலும் பிடிப்பே இல்லை, எழுந்திருக்கவே முடியவில்லை, நான் எல்லோருக்கும் பாரம், இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இது வருகிறது. இதற்கான சிகிச்சை பலன் தருகிறது என்பதில் சந்தேகம் இல்லை. 2014இல் ஸ்காட்லாந்தில், மனச்சோர்வு உள்ள 500 புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு முறையான, தொடர்ந்த கவனிப்பைக் கொடுத்தார்கள். அவர்களில் 62 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 17 சதவீதம்தான். ஒரு எச்சரிக்கை: பின்னாளில் உங்களுக்கு டாமோக்ஸிஃபென் (ஹார்மோன் ஏற்பிகள் உள்ள மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கக் கொடுக்கும் மாத்திரை) எழுதிக்கொடுக்கலாம். மனச்சோர்வு மருந்துகளில் பராக்ஸெடின், ஃபுளூவாக்ஸெடின் போன்ற சில, டாமோக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைக்கும் என்பதால் பொதுவாக அவற்றைத் தவிர்த்து வேறு மருந்து கொடுப்பார்கள். எனவே மனநல மருத்துவரிடம் புற்றுநோய் மருந்துகளையும், புற்றுநோய் மருத்துவரிடம் மனநல மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள்.

'அப்படியானால் நம்பிக்கையே வேண்டாமா' என்று கேட்பீர்கள். வேண்டும். நான் பார்த்தவரை நிலைத்து நிற்கும் நம்பிக்கைகள் எல்லாம் சின்னவை. மகளின் பரீட்சை முடியும்வரை காலையில் எழுந்து அவளுக்கு டிபன் கட்டிக்கொடுக்க வேண்டும், வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும், அடுத்த கீமோவுக்குள் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்ட வேண்டும், இப்படித்தான் இருக்கும். 'நான் முழுக்க குணமாகியே தீருவேன்' என்று தினமும் சொல்லிக்கொள்கிறவர்கள், ஒரு ஸ்கேனில் சிறு புள்ளி தெரிந்தாலும் மொத்தமாகச் சரிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். புள்ளிவிவரம் பார்த்துப் பயந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியலாளருக்கு 1982இல் வயிற்று உட்சவ்வில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்த பிறகு நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று நூலகத்தில் படித்தார். புள்ளிவிவரம் தெரிந்தவர் என்பதால் அடுத்த கேள்வியைக் கேட்டார்: மீதிப் பாதிப் பேர் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள்? சிலர் மிக நீண்ட காலம் வாழ்வதையும், தாம் அந்தப் பக்கத்தில் இருக்கக் காரணங்கள் இருப்பதையும் கண்டுகொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், வேறொரு புற்றுநோயால் இறந்தார். அவர் வாழ்ந்தது மனவலிமையாலா, சிகிச்சையாலா, நோயின் தன்மையாலா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணைச் சரியாகப் படித்தால் பயத்தில் ஒரு பங்கு குறையும் என்பதற்காகச் சொன்னேன். உங்கள் நிலைக்கான எண்ணை இணையத்தில் தேடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு.

செய்யக்கூடியதில் ஒன்றுக்கு மட்டும் நான் அழுத்தம் கொடுப்பேன்: நடை. கீமோ களைப்புக்குப் படுத்தே இருப்பதைவிட, முடிந்த அளவு நடப்பது நல்லது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மனதுக்கும் நல்லது. தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் கணக்குதான். 2025இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு கீமோ முடித்த 889 பேரில், மூன்று ஆண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது, உயிர் பிழைத்தோரும் கூடுதல். அது பெருங்குடல் புற்றுநோய், உங்களுடையதற்கு அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் 'நல்லதையே நினை' என்ற அறிவுரையைவிட 'பத்து நிமிஷம் நட' என்பதற்கு ஆதாரம் அதிகம். எவ்வளவு நடக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. துக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நம் ஊரிலேயே பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த இழப்பு நடந்தது 1923இல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954இல். முப்பது ஆண்டுகள் அந்தத் துக்கத்தை மறக்காமல் வைத்திருந்து ஒரு மருத்துவமனையாக ஆக்கினார். அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண், மார்பை அகற்றிய பிறகு கையை எப்படித் தூக்குவது, என்ன உடை போடுவது என்று சொல்ல யாரும் இல்லாமல் தவித்து, 1952 முதல் தன்னைப் போல அறுவை செய்துகொண்ட பெண்களை வார்டு வார்டாகத் தேடிப்போனார். அவர் கொண்டுபோனது கைப் பயிற்சிக்கு ஒரு சின்ன ரப்பர் பந்து, ஒரு கயிறு, சட்டைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிக மார்பகம். மருத்துவர்கள் சிலர் முதலில் விரும்பவில்லை. ஆனால் அந்த வழக்கம் பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவியது. அவர் பையில் இருந்தவை எல்லாம் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்களிடமும் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. முதல் கீமோவுக்கு வரும் ஒருவருக்கு 'தைரியமா இருங்க' என்பதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடாமல், டாக்டர் சொன்ன நேரத்துக்கே போட வேண்டும் என்பது தெரிந்தால் கிடைக்கும். ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது, எந்தக் கவுன்டரில் காப்பீட்டு அட்டையைக் காட்ட வேண்டும், எந்த ரிப்போர்ட்டுக்கு எத்தனை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது, ஏசி அறையில் குளிரும், ஒரு போர்வை கொண்டுவருவது நல்லது, முடி கொத்தாக வருவதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் அதிர்ச்சி குறையும், இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும் என்பதோ, ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும் என்பதோ தெரியாமல் தாலியை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் படுக்கையாகிவிட்டவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணக் கவனிப்பு வீடு தேடி வரும் என்பதும் பலருக்குத் தெரியாது. வார்டில் இந்தத் தகவலைச் சொல்லும் பெண்ணைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நம் குடும்பங்களில் நோயாளிக்குத் தன் நோயின் பெயரே தெரியாமல் இருப்பது சகஜம். 'கட்டி', 'புண்', 'நீர்' என்று ஏதோ சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள். மகன் தனியாக வந்து "அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்று கெஞ்சுவான். அவர் வாயிலிருந்து வராத வரை புற்றுநோய், கேன்சர் என்ற சொற்களை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேளுங்கள். அவர் எந்த வார்த்தை சொல்கிறாரோ அதே வார்த்தையில் பேச்சைத் தொடருங்கள். மறைப்பது சரி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருக்கும், மறைப்பதால் இரண்டு பக்கமும் தனிமைதான் மிஞ்சுகிறது. ஆனால் அதைத் திறக்க வேண்டியது மருத்துவரும் குடும்பமும் ஆலோசகரும் சேர்ந்து. அப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் சமூகப் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மருந்து பற்றி யாருக்கும் எதுவும் சொல்லாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த கீமோ அவருக்குக் கொடுக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் அவர் கட்டியின் தன்மை. 'எனக்கு அந்த ஊசி போட்டாங்களே, உங்களுக்கு ஏன் போடல' என்ற ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தின் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும். காத்திருக்கும் கூடத்தில் கைக்குக் கை மாறும் வேர், கஷாயம், வாட்ஸ்ஆப் வைத்தியம் எதையும் நீங்கள் கைமாற்றாதீர்கள். 2018இல் அமெரிக்காவில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். யாராவது சிகிச்சையை நிறுத்திவிட்டு அப்படிப் போகப்போகிறார் என்று காதில் விழுந்தால் வாதாடாதீர்கள். எதனால் பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பணம், அல்லது பக்கத்து வீட்டில் யாரோ கீமோவில் இறந்த செய்தி. இரண்டுக்கும் பேசி வழி காண ஆள் இருக்கிறார்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீமோ போட்டு ஏழு முதல் பதினான்கு நாள் வரை பொதுவாக, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் வார்டு வார்டாகப் போய் யாரையும் பார்க்க வேண்டாம், தொலைபேசியில் பேசுங்கள். உங்களுக்கோ நீங்கள் பேசும் யாருக்கோ 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது, ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் பிறருக்குச் சொல்லக்கூடிய தகவல்களில் உயிரைக் காக்கக்கூடியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதேபோல நோய் தொற்றாது என்பதையும் சொல்லிக்கொண்டே இருங்கள். இன்றும் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த டம்ளர் ஒரு பெண்ணின் மனதில் செய்யும் காயத்தை எந்தப் பாசிட்டிவ் பேச்சாலும் ஆற்ற முடியாது.

இப்போதே இதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நோயாளிகளுக்குத் துணை நிற்கும் அமைப்புகளில் பல, சிகிச்சை முடிந்து ஓராண்டு போல ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பழகியவர்களில் சிலர் இறப்பார்கள். உங்களுக்கு வந்த அதே நோயால் இறப்பார்கள். அன்று இரவு அவருக்காக அழுகிறீர்களா, உங்களுக்காக அழுகிறீர்களா என்று பிரிக்கவே முடியாது. சிகிச்சையின் நடுவில் அதைத் தாங்குவது மிகக் கடினம். எனவே இப்போதைக்கு உங்கள் கீமோ நாளன்று பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் செல்பேசி எண் கொடுக்க வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று தயங்காமல் சொல்லலாம். சிகிச்சை முடிந்த பிறகும் ஆசை இருந்தால், மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ நர்சிங் பொறுப்பாளரையோ பார்த்துப் பெயர் கொடுத்து, பயிற்சி இருந்தால் பெற்றுக்கொண்டு, இன்னொருவரோடு சேர்ந்து செய்யுங்கள். பிறருக்கு உதவுபவருக்கே அந்த உதவியால் நன்மை கிடைக்கிறது என்று 1965லேயே ஃப்ராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் எழுதினார், என் அனுபவமும் அதுதான். ஆனால் நடுவில் 'என்னால் முடியவில்லை' என்று விலகிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

கடைசியாக, பக்கத்துப் படுக்கை அம்மாவின் "எனக்குச் சரியாயிடுமா?" என்ற கேள்வி. "கண்டிப்பா சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள், உங்களுக்குத் தெரியாது. "அது கடவுள் கையில்" என்று சொல்லி அவர் பேச்சை முடித்துவிடவும் வேண்டாம். அவர் அந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்டதற்குக் காரணம், அவசரமில்லாமல் கேட்கக்கூடிய ஆள் என்று உங்களை நினைத்ததுதான். "எனக்குத் தெரியலம்மா. எனக்கும் அதே பயம் இருக்கு. இன்னிக்கு உங்களுக்கு எது அதிகமா கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரைப் பேசவிடுங்கள். அவர் வீட்டைப் பற்றிப் பேசலாம், கடனைப் பற்றிப் பேசலாம், கல்யாணமாகாத மகனைப் பற்றிப் பேசலாம், எதுவும் பேசாமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கவும் செய்யலாம். பேசி முடித்ததும், "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேக்கறதுக்கு உங்க சந்தேகத்தை எல்லாம் ஒரு சீட்டுல எழுதட்டுமா?" என்று கேளுங்கள். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள். முதல் கேள்வியாக அவர் உங்களிடம் கேட்டதையே எழுதுங்கள்.